பேனர், வளைவு, படுதா, வழிகாட்டிப் பலகை: எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் விழா மேடை, கண்காட்சி, கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா, கடைத்திறப்பு என்று எல்லாவற்றுக்கும் வரைந்தும் வடிவமைத்தும் கொடுக்கிறோம். விசாரிக்க வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

நீங்கள் செய்வது ஃபிளெக்ஸ் அடிக்கிற வேலைதானே?

அதுவும் உண்டு, ஆனால் அது கடைசிக் கட்டம். ஒரு இடத்துக்கு வருகிற ஆள் எந்தப் பக்கமிருந்து வருவார், எங்கே நின்று யோசிப்பார், செருப்பை எங்கே விடுவார், பாத்ரூம் எங்கே என்று யாரைக் கேட்பார், எந்த இடத்தில் நின்று செல்ஃபி எடுப்பார் என்பதையெல்லாம் முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ப எழுத்தும் படமும் நிறமும் எங்கே வரவேண்டும் என்று தீர்மானிப்பதுதான் எங்கள் வேலை. பிரிண்ட் போடுகிறவர் வேறு, கம்பி வெல்டிங் வைக்கிறவர் வேறு, சாரம் கட்டுகிறவர் வேறு. இவர்கள் எல்லோருக்கும் நடுவில் நின்று திட்டு வாங்குகிறவர் நாங்கள்.

மதுரைக்கு எதற்கு வழிகாட்டிப் பலகை? ஊரே கட்டம் போட்ட மாதிரி இருக்கிறதே?

ஊர்க்காரருக்கு அது சரி. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாகப் போகின்றன. காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சுலபமான ஊர் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பெயரும் நான்கு தடவை வரும்: கீழ மாசி, மேல மாசி, தெற்கு மாசி, வடக்கு மாசி. கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு என்பது நமக்குப் பழக்கம். சென்னையிலிருந்து வந்த ஒரு காலேஜ் பையன் "மேல மாசிக்கு ஏறிப் போகணுமாண்ணே, படி எங்க இருக்கு?" என்று என்னிடமே கேட்டிருக்கிறான். சிரிப்பு வந்தாலும் தப்பு அவனுடையதல்ல.

இதைவிடப் பெரிய சிக்கல் செருப்பு. தெற்குக் கோபுரத்தில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போகிறவர், பொற்றாமரைக் குளம், அம்மன் சன்னதி, சுவாமி சன்னதி, ஆயிரங்கால் மண்டபம் என்று சுற்றிவிட்டு மேற்கு வாசல் வழியாக வெளியே வந்து நிற்பார். உள்ளே செல்போனுக்கு அனுமதி கிடையாது, ஆகவே மேப் பார்க்கவும் வழியில்லை. நான்கு வெளிக் கோபுரங்களில் தெற்குதான் உயரம், சுமார் 170 அடி, ஆனால் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே உயரம்தான். மே மாத மத்தியானம் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு ஒரு குடும்பம் குதித்துக் குதித்து ஓடுவதைப் பார்த்தால் வழிகாட்டிப் பலகை எதற்கு என்று கேட்கத் தோன்றாது.

நான்கு வாசல் உள்ள ஒரு கண்காட்சிக்கு வேலை வந்தபோது இதை மனதில் வைத்துத்தான் செய்தோம். வாசலுக்கு 1, 2, 3, 4 என்று எண் போடவில்லை. கிழக்குக்குக் கிளி, தெற்குக்கு மீன், மேற்குக்குக் காளை, வடக்குக்குத் தாமரை. வளைவில், வண்டி நிறுத்துமிடத்துக் கம்பத்தில், செருப்பு டோக்கனில் என்று எல்லாவற்றிலும் அந்த வாசலின் படம்தான். படிக்கத் தெரியாத பாட்டிக்கும், ஐந்து வயதுப் பிள்ளைக்கும் "நாம கிளி வாசல்ல வந்தோம்" என்பது மறக்காது. எண் மறந்துவிடும்.

வேலை ஒப்புக்கொண்டதும் முதலில் என்ன செய்வீர்கள்?

இடத்தைப் போய்ப் பார்ப்போம். போட்டோ அனுப்புகிறேன், அளவு அனுப்புகிறேன் என்பார்கள், இரண்டையும் வாங்கிக்கொள்வோம், ஆனாலும் போவோம். விழா சாயங்காலம் 6 மணிக்கு என்றால் நாங்களும் சாயங்காலம் 6 மணிக்குப் போய் நிற்போம், ஏனென்றால் காலையில் போனால் வெயில் எந்தப் பக்கம் முகத்தில் அடிக்கும் என்பது தெரியாது. மேற்குப் பார்த்த மேடை என்றால் சாயங்கால வெயில் பேசுகிறவர் கண்ணிலும் பின்னணிப் படத்திலும் நேராக விழும். பின்னணி பளபளப்பான ஃபிளெக்ஸாக இருந்தால் பாதிப் படம் வெள்ளையாகத்தான் தெரியும்.

டேப், சாக்பீஸ், நூல்கண்டு, நோட்டு. இவ்வளவுதான் கொண்டுபோவது. மரம், மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், ஏற்கெனவே தொங்கும் கட்சிக்கொடி எல்லாவற்றையும் நோட்டில் வரைந்துகொள்வோம். வேப்பமரக் கிளை ஒன்று நடுவில் வந்து, வளைவில் 'நல்வரவு' என்பது 'நல் வு' ஆகிவிட்ட கதையெல்லாம் உண்டு.

எழுத்து எவ்வளவு பெரிசாக இருக்கவேண்டும்?

பொதுவாகப் பலகை எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு, 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். 100 அடி தள்ளி நிற்கிறவர் சிரமப்படாமல் படிக்க 10 அங்குலம். இது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்து வந்த கணக்கு. தமிழுக்கு நான் கால் பங்கு கூட்டிப் போடுவேன், காரணம் சுழி. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று பள்ளியில் படித்தோம் இல்லையா, தூரத்தில் அந்தச் சுழிகளுக்கு நடுவே இருக்கிற வெள்ளை அடைத்துக்கொண்டு இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே தடிமனான எழுத்துரு கேட்டால் நான் கொஞ்சம் வாதாடுவேன். தடிமன் கூடினால் தூரத்தில் நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள், தமிழில் ஓர் அளவுக்கு மேல் அது நேரெதிர். வரிக்கு வரி இடைவெளியும் அப்படித்தான். மேல் வரியில் கூ, நூ என்று கீழே இறங்கும் வால், கீழ் வரியில் கீ, தீ என்று மேலே ஏறும் சுழி, இரண்டும் மோதிக்கொள்ளாமல் விடவேண்டும்.

அப்புறம் உயரம். கூட்டம் சேரும் இடத்தில் கண் மட்டத்தில் பலகை வைத்தால் முன்னால் நிற்கிறவர் தலைதான் தெரியும். பலகையின் அடிவிளிம்பே தரையிலிருந்து 8 அடிக்கு மேல் இருக்கவேண்டும். தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க நிற்கிற கூட்டம் என்றால் 10 அடி.

கம்ப்யூட்டரில் சரியாக இருந்த தமிழ், பிரிண்டில் ஏன் உடைகிறது?

இந்தக் கேள்விக்கு நான் காசு கொடுத்துப் பதில் கற்றுக்கொண்டேன். ஒரு பொங்கல் விழாவுக்கு 12 அடி அகல வளைவு. என் திரையில் 'பொங்கல் விழா'. பிரிண்ட் கடையில் பழைய மென்பொருள், ஃபைலைத் திறந்ததும் கொம்பைத் தனியே பிரித்து 'ப'வுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டது. ராத்திரி 2 மணிக்குச் சாரத்தில் ஏற்றிக் கட்டி, விடிந்ததும் பார்த்தால் 'ப' முன்னால், கொம்பு பின்னால். கீழே நின்ற ஊர்ப் பெரியவர் ஒருவர், "என்னப்பா, ஒத்தக் கொம்பு மாடு மாதிரி இருக்கு" என்றார். மறுபடி அடித்துக் கட்டினோம், கூலி கைக்காசு.

காரணம் இதுதான்: யூனிகோட் தமிழில் 'பொ' என்பதை எந்த வரிசையில் காட்டவேண்டும் என்று மென்பொருளுக்குத் தெரிந்திருக்கவேண்டும், பழையவற்றுக்குத் தெரியாது. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் தட்டினால் வேறு தொல்லை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் மொத்தமும் ஏதோ மொழியாகிவிடும். ஒரே வழி, எல்லா எழுத்தையும் கர்வ்ஸாக மாற்றி, எழுத்து என்பதையே படமாக்கி அனுப்புவது. அனுப்பிய பிறகும் பிரிண்ட் கடையிலிருந்து திரை போட்டோ வாங்கிப் பார்ப்பது. ஒற்றுப் பிழையையும் அப்போதே பார்த்துவிடுங்கள், 12 அடி அகலத்தில் ஒரு 'ப்' விட்டுப்போனால் தமிழாசிரியர்கள் விடமாட்டார்கள்.

படம் மங்கலாக வருமா, எவ்வளவு தெளிவு வேண்டும்?

வாட்ஸ்அப்பில் வந்த படம் வேண்டாம். மற்றபடி கவலைப்படாதீர்கள். கையில் பிடித்துப் படிக்கிற அழைப்பிதழுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், 50 அடி தள்ளி நின்று பார்க்கிற பேனருக்கு முழு அளவில் 50, 70 புள்ளியே தாராளம்.

பழைய ஃபிளெக்ஸ் எல்லாம் ஏன் நீலமாகிவிடுகிறது?

நல்ல கேள்வி, பலரும் கவனிப்பதில்லை. அச்சு மையில் மஞ்சளும் மெஜந்தா என்கிற ரோஜாச் சிவப்பும் வெயிலுக்கு முதலில் வெளுக்கும், சயான் என்கிற நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். மிச்சம் நிற்பது நீலமும் கறுப்பும்தான். அதனால்தான் ரோட்டோரம் வருஷக்கணக்காகத் தொங்கும் காதணி விழாப் பேனரில் தாய்மாமன்கள் எல்லோரும் கண்ணபிரான் நிறத்துக்கு வந்துவிடுகிறார்கள். நிரந்தரமாக நிற்கவேண்டிய பலகை என்றால் சிவப்பு மஞ்சளை நம்பி அச்சடிக்காமல், நிறத்தோடே வருகிற வினைல் ஷீட்டை வெட்டி ஒட்டுவது அல்லது எனாமல் பெயின்டில் எழுதுவது நல்லது.

மேடையிலும் நிறம் ஏமாற்றும். சிவப்பு லைட் அடித்தால் வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்து காணாமல் போகும், பச்சை கறுப்பாகும். லைட் போடுகிறவரிடம் முன்கூட்டியே பேசாமல் பின்னணி நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.

மேடைப் பின்னணிக்கு ஃபிளெக்ஸா, எல்இடியா, கையால் வரைந்ததா?

இதில் எனக்கு ஒருபக்கச் சாய்வு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்இடி திரை வசதிதான். ஒரே மேடையில் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி படம் மாற்றலாம். வாடகைக்கு எடுக்கும்போது பி3, பி4 என்பார்கள், இரண்டு புள்ளிக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் அந்த எண். பி3 என்றால் பார்க்கிறவர் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும், பி4 என்றால் 4 மீட்டர். முன்வரிசை நாற்காலி அதைவிடக் கிட்டே இருந்தால் முக்கியஸ்தர்களுக்கு வெறும் புள்ளிதான் தெரியும். பகல் நிகழ்ச்சிக்கு மண்டபத்துக்குள் வைக்கிற திரையை வெளியே கொண்டுவந்து வைத்தால் ஒன்றும் தெரியாது, வெளியிடத்துக்கென்று அதிக வெளிச்சம் உள்ள திரை தனி. எல்லாவற்றையும்விட, பேசுகிறவர் முகம் இருட்டாகிவிடும், பின்னால் அவ்வளவு வெளிச்சம். கேமராவில் அலை அலையாகக் கோடு ஓடுவது வேறு.

துணியில் வரைந்த படுதாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. நம்ம ஊருக்கு அது புதிதுமல்ல. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில்தான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அந்தக் கால நாடகக் கம்பெனிகள் தெரு, தர்பார், வனம் என்று வரைந்த 'சீன்'களை உருட்டிக் கட்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். இப்போதும் சுற்றுப்பட்டு கிராமங்களில் திருவிழாவுக்கு விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும்போது பின்னால் ஒரு தெருவோ வனமோ தொங்கும். பொடி வண்ணத்தை வஜ்ஜிரப் பசையோடு காய்ச்சித் துணியில் தீட்டினால் பளபளப்பே இருக்காது, எந்த லைட் அடித்தாலும் கண்ணைக் கூசாது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. கிட்டே போய்ப் பார்த்தால் இலை எல்லாம் வெறும் மூன்று வீச்சு: இருண்ட பச்சையில் ஒரு திட்டு, நடுப்பச்சையில் ஒரு திட்டு, மஞ்சள் கலந்து நுனியில் ஒரு கீற்று. 30 அடி தள்ளி வந்தால் அது மரம். புதிதாக வருகிற பையன்கள் ஒவ்வொரு இலைக்கும் நரம்பு வரைவார்கள், தூரத்தில் அது மரமாகத் தெரியாது, அழுக்காகத்தான் தெரியும். அதனால் வரைகிறவர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தூரிகையைக் கீழே வைத்துவிட்டு மண்டபத்தின் கடைசிவரை நடந்து போய்த் திரும்பிப் பார்க்கவேண்டும். பழைய பேனர் ஆர்ட்டிஸ்டுகள் எல்லோரும் இப்படி நடந்தவர்கள்தான்.

பெரிதாக்குவது எப்படி என்று கேட்பீர்கள். சின்னப் படத்தில் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கைக் கட்டத்தைத் துணியிலும் நூலில் நீலப்பொடி தடவி அடித்து, கட்டம் கட்டமாக மாற்றுவது. இப்போது புரொஜெக்டர் வைத்தும் செய்கிறோம், நேரம் மிச்சம். ஆனால் புரொஜெக்டர் கொஞ்சம் சாய்ந்திருந்தால் குதிரை ஒட்டகம் ஆகிவிடும்.

சரி, எதை எடுப்பது? நாள் முழுக்கப் பல நிகழ்ச்சி என்றால் எல்இடி. ஒரே நாடகம், ஒரே நாட்டியம், ஒரே கல்யாணம் என்றால் துணி. ஃபிளெக்ஸ் அவசரத்துக்கு, அதிலும் பளபளப்பில்லாத மேட் வகை கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

மேடைக்குப் பின்னால் கோயில் கோபுரம் செட் போடமுடியுமா?

முடியும், வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நிஜக் கோபுரத்தைத் தினம் பார்க்கிற ஊரில் 15 அடித் தெர்மாகோல் கோபுரம் பொம்மை மாதிரிதான் இருக்கும். அதற்குப் பதில் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக எடுங்கள். 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலில் தூணுக்குத் தூண் இடையே இதழ் இதழாக வளைந்து போகும் சுதை வளைவு இருக்கிறது பாருங்கள், அதில் ஒன்றே ஒன்றை மேடை உயரத்துக்குச் செய்தால் போதும், மிச்சத்தைப் பார்க்கிறவர் மனது கட்டிக்கொள்ளும். சுங்குடிப் புடவையின் புள்ளி இன்னொன்று. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துவிட்டு அவிழ்த்தால் வருகிற அந்தப் புள்ளியில் எதுவும் சரிவட்டமாக இருக்காது. அதையே பெரிதாக்கி ஒரு சுவர் முழுக்கப் பரப்பினால் மதுரை என்று எழுதவே வேண்டாம்.

உருவம், சிற்பம் வேண்டும் என்றால் விளாச்சேரியில் கேட்கலாம். கொலு பொம்மையும் பிள்ளையாரும் செய்கிற கைகள், காகிதக்கூழில் 6 அடிக் காளையும் செய்யும், முன்கூட்டியே சொன்னால். நவராத்திரிக்கு முந்தைய மாதம் மட்டும் போய் நிற்காதீர்கள்.

தெர்மாகோல், துணி, கீற்று எல்லாமே பற்றி எரியும். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் பந்தல் தீப்பிடித்து மாப்பிள்ளை உட்படப் பலர் இறந்தார்கள். 2018 பிப்ரவரியில் மீனாட்சி கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் பிடித்த தீயை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துக் காயவைத்தால் தீ சட்டென்று பரவாது. ஆனால் சூடாகும் விளக்கைப் படுதாவுக்கு ஒட்டி வைத்துவிட்டு மருந்தை நம்பக்கூடாது. வெளியேறும் வழியை அலங்காரத்தால் மறைக்கச் சொன்னால் எங்களிடம் வேலை நடக்காது, எவ்வளவு பெரிய வீட்டு விசேஷமாக இருந்தாலும்.

காற்றுக்குத் தாங்குமா?

பேனர் என்பது பாய்மரம். 60 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 17 கிலோ அழுத்தும். 20-க்கு 10 அடிப் பேனர் என்றால் மொத்தம் 300 கிலோவுக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. சித்திரை வைகாசியில் மத்தியானம் புழுக்கமாக இருந்து, சாயங்காலம் மேகம் கறுத்துத் திடீரென்று ஒரு கோடைக்காற்று அடிக்கும் பாருங்கள், விழாக்காலமும் அதுதான். பேனரில் அரைவட்டமாக நாலு கிழி கிழித்துவிட்டால் காற்று போய்விடும் என்பார்கள், அது மனத்திருப்திக்கு. பெரிய அளவு என்றால் சல்லடைத் துணி மாதிரி மெஷ்ஷில் அடிக்கவேண்டும், சவுக்குக் கம்புக்குப் பின்முட்டுக் கொடுக்கவேண்டும், மணல் மூட்டையை எண்ணித்தான் வைக்கவேண்டும். மேகம் கறுத்தால் யார் இறக்குவது என்று ஒரு ஆளை முன்பே பெயர் சொல்லி நிறுத்துங்கள்.

அனுமதி நீங்களே வாங்கித் தருவீர்களா?

விண்ணப்பம் எழுத உதவுவோம், வாங்குவது விழாக்காரர் பொறுப்பு. பொது இடத்தில் எது வைத்தாலும் மாநகராட்சி அனுமதி வேண்டும், காவல்துறையிடம் தடையின்மைச் சான்று வேண்டும், அனுமதி எண்ணைப் பேனரிலேயே அச்சிடவேண்டும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதலே இருக்கிறது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் இறந்த பிறகு நீதிமன்றமும் கடுமை காட்டுகிறது. அனுமதி இல்லாமல் ரோட்டு நடுவே வைக்கச் சொல்லி வருகிறவர்களை நாங்கள் டீ கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

கடைப் பலகைக்கு வேறு விதி: தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, வேறு மொழி 2. தமிழ்தான் முதலில்.

சுவரில் ஓவியம் வரைய என்ன தயார் செய்யவேண்டும்?

புதுச் சுவர் என்றால் 28 நாள் காயவிடுங்கள். பழைய சுவர் என்றால் உப்புப் பூத்திருக்கிறதா என்று கையால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைத் தூள் வந்தால் ஈரம் எங்கிருந்தோ ஏறுகிறது, அதைச் சரிசெய்யாமல் மேலே ரவிவர்மாவே வந்து வரைந்தாலும் உரிந்துவிடும். சுரண்டி, பிரைமர் அடித்து, வெளிச்சுவர் எமல்ஷனில் வரைவோம். மதுரை ரயில் நிலையத்துச் சுவர் ஓவியங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்கிறார்கள். ரயில்வே நடத்திய அழகுபடுத்தும் போட்டியில் 2018-இல் பீகாரின் மதுபனி நிலையத்தோடு சேர்ந்து இரண்டாம் பரிசு வாங்கிய நிலையம் அது.

தரையிலிருந்து 3 அடிவரை அடர்நிறப் பட்டை விட்டுவிடுங்கள். வெற்றிலைச் சாறும் சேறும் அங்கேதான் விழும். "சாமி படம் வரைந்தால் யாரும் அசிங்கம் செய்யமாட்டார்கள்" என்று கேட்டு வருகிறார்கள். பக்கத்தில் ஒரு கழிப்பறையும் அதற்கு அம்புக்குறியும் வையுங்கள், சாமி நிம்மதியாக இருப்பார்.

விழா முடிந்த பிறகு ஃபிளெக்ஸை என்ன செய்வது?

கேட்டு வருகிறவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். ஆட்டுக்கொட்டகைக் கூரை, நெல் காயப்போட, வைக்கோல் மூட என்று அதற்குத் தேவை இருக்கிறது. மேலூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் நாங்கள் செய்த மணமக்கள் தலைகீழாக ஐந்து வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எரிக்க மட்டும் வேண்டாம், அது பிவிசி, புகை விஷம். 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனருக்கு 2022 ஜூலை முதல் நாடு முழுக்கத் தடை இருப்பதும் நினைவிருக்கட்டும்.

என் பையனுக்கு இந்த வேலையில் ஆசை. எங்கே படிக்கவைப்பது?

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. சிற்பத்தில் ஆசை என்றால் மாமல்லபுரம். விண்ணப்பம் வருவதற்குள் நேரம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகர்கோயில் வசந்த மண்டபத்துக்குக் கூட்டிப்போய், மேலே இருக்கிற ராமாயண ஓவியங்களைக் காட்டுங்கள். கழுத்து வலிக்கிறது என்று அரை மணியில் கிளம்பிவிட்டால் வேறு படிப்பு பார்க்கலாம். அங்கேயே உட்கார்ந்து நோட்டை எடுத்தால், கோடை லீவில் எங்கள் பட்டறைக்கு அனுப்புங்கள். முதல் மாதம் தூரிகை கழுவத்தான் கொடுப்போம்.